பாபிலோனின் கல்லூரியில் நம் பிள்ளைகள்



ஆகஸ்டு மாதத்தின் ஏதேனும் ஓர் இரவில் சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்து வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஆந்திரப் பதிவெண் தாங்கிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இறங்கும். படிக்கப் போகிறவர் ஒருவர். வழியனுப்ப வந்தவர் பதினைந்து பேர். பெரிய பெட்டிகள் இரண்டு. அவற்றில் பருப்புப்பொடியும் கோங்குரா ஊறுகாயும் பிரஷர் குக்கரும். எடை கூடிவிட்டதென்று கடைசி நிமிடத்தில் பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது எதை வைப்பது என்று வாக்குவாதம். பின்பு போதகர் ஐயா பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். தாயார் அழுவார். தகப்பனார் அழாமல் நிற்பார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பிள்ளை மறைந்ததும் குடும்பத்தின் பங்கு நிறைவேறிவிட்டது என்ற நிம்மதியோடு வேன் ஊர் திரும்பும்.

கல்லூரிச் சேர்க்கைக்காக உபவாசித்தோம். விசாவுக்காக முழு இரவு ஜெபம் வைத்தோம். நன்று. ஆனால் அங்கே போன பிறகு அந்தப் பிள்ளை எவ்வாறு படிக்கவேண்டும், யாரோடு பழகவேண்டும், எவ்வளவு கடன் தாங்கும் என்பதைப் பேச நம் வீடுகளில் எத்தனை மாலைப்பொழுதுகள் செலவிடப்பட்டன?

இப்பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் வந்தவை. தாத்தா குடிபாலாவிலோ நகரியிலோ நிலத்தை நம்பி வாழ்ந்தார். தகப்பனார் வேலை தேடித் திருப்பதிக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தார். பேரப்பிள்ளை டெக்சாஸுக்கோ பெர்லினுக்கோ புறப்படுகிறான். ஊர் மாறிப் பிழைப்பது எப்படி என்பது நமக்குத் தெரியாத பாடமன்று. வாடகை வீடு தேடி, பாஷை கற்று, புதிய சபையில் முகமறியாதவர்களிடையே அமர்ந்து, வேர் பிடித்தவர்கள் நாம். அந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம்.

சித்தூர்ப் பிள்ளைகளுக்கு வேறொரு அநுகூலமும் உண்டு. இப்பகுதி 1911 ஏப்ரல் வரை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பின்பே சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. ஆகவே வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம், பலமநேருக்கு அப்பால் கன்னடம் என்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். ஆராதனையில் ஒரு பாட்டு தமிழிலும் அடுத்த பாட்டு தெலுங்கிலும் பாடி வளர்ந்தவர்களுக்கு ஐந்தாவது பாஷை பயமுறுத்தக்கூடாது. ஜெர்மன் மொழி கடினம் என்று சொல்லும் வாலிபர்களிடம் இதைத்தான் சொல்லவேண்டும்: நான்கு பாஷைகளுக்கு உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பயிற்சி நடந்திருக்கிறது.

தானியேலின் மூன்றாண்டுப் படிப்பு

வேதத்தில் வெளிநாட்டுக் கல்வியைப் பற்றி வாசிக்க விரும்புகிறவர்கள் தானியேல் முதலாம் அதிகாரத்தைத் திறக்கலாம். எருசலேமிலிருந்து கொண்டுபோகப்பட்ட வாலிபர் நால்வர், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்க மூன்று வருடப் படிப்பில் சேர்க்கப்படுகிறார்கள். உணவும் உறைவிடமும் அரசாங்கச் செலவு; முடிவில் ராஜாவே நேரில் தேர்வு வைக்கிறார். இக்கதையைப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் ராஜாவின் போஜனத்தை அவர்கள் மறுத்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்கள் எதை மறுக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பாபிலோனின் பாடத்தை மறுக்கவில்லை. அதன் பாஷையை மறுக்கவில்லை. அந்நியப் பெயர் சூட்டப்பட்டபோதும் வகுப்பைவிட்டு வெளியேறவில்லை. எதில் உறுதியாய் நிற்பது, எதை முழுமனதோடு கற்பது என்று பிரித்தறிந்தார்கள். உணவு விஷயத்திலும் முரட்டுத்தனமாகப் பேசாமல், பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி மேல்விசாரணைக்காரனிடம் பணிவாகக் கேட்டார்கள். தேர்வில் முதலிடம் பெற்றார்கள் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. பல வருடங்களுக்குப் பின்பும் தானியேல் தினம் மூன்று வேளை எருசலேமை நோக்கிய ஜன்னலைத் திறந்து ஜெபித்தான். அதே சமயம் பாபிலோனின் நிர்வாகத்தை அந்நாட்டாரைவிட நன்றாக அறிந்திருந்தான்.

அதே காலத்தில் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது அதன் கருத்து. அந்நிய நாட்டில் காலை மட்டும் வைத்து மனதை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் படிக்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஆலோசனை வேறில்லை.

கட்டமஞ்சியிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880இல் பிறந்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி, சி.ஆர். ரெட்டி என்றால் ஆந்திரம் முழுவதும் அறியும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, அரசாங்க உதவித்தொகை பெற்று 1902இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் கப்பல் பயணமே வாரக்கணக்கில் ஆகும். வீட்டுக் கடிதத்துக்குப் பதில் வர மாதம் தாண்டும். அவர் அறைக்குள் அடைந்து பாடப்புத்தகத்தை மட்டும் படித்துத் திரும்பவில்லை. கேம்பிரிட்ஜ் யூனியன் என்னும் புகழ்பெற்ற விவாத மன்றத்தில் ஆங்கிலேய மாணவர்களுக்கு நடுவே எழுந்து பேசி, அதன் துணைத்தலைவர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியா அடிமை நாடாயிருந்த நாட்கள் அவை என்பதை நினைவில் வையுங்கள்.

திரும்பி வந்து பரோடாவிலும் மைசூரிலும் கல்விப் பணி செய்தார். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தரானார். 1936 முதல் 1949 வரை மறுபடியும் அப்பொறுப்பை வகித்தார். ஆங்கிலத்தில் அத்தனை வல்லமை பெற்றவர் 1914இல் வெளியிட்ட முக்கிய நூல் தெலுங்குக் கவிதையைப் பற்றிய திறனாய்வு. வெளிநாடு போனவர் தாய்மொழியை மறப்பதுதான் நாகரிகம் என்று எண்ணும் நம் பிள்ளைகள் சிலருக்கு இது ஆச்சரியமாயிருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், பின்பு வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். மாணவராக அவர் கடல் கடக்கவேயில்லை. 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக அமர்ந்தார். வெளிநாட்டில் படிக்காத பிள்ளையை உறவினர் நடுவே குறைத்துப் பேசும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்கலாம்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்காரவேண்டும்

இனி நாம் பேசக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருவோம். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தது லூக்கா 14இல் உள்ளது. விசுவாசத்தினால் கடன் வாங்குகிறோம் என்கிற நம்மில் சிலர் அந்த உட்காரும் பகுதியைத் தாண்டிவிடுகிறோம்.

கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். இரண்டு வருட மேற்படிப்புக்கு 30 லட்சம் ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்குப் பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் இரண்டு வருடமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்டவேண்டியதில்லை என்பது வங்கிகளின் வழக்கமான ஏற்பாடு. தவணை இல்லை என்பதால் வட்டி இல்லை என்று அர்த்தமன்று. முழுத்தொகையையும் தொடக்கத்திலேயே பெற்றிருந்தால், தனிவட்டியாகவே மூன்று வருடத்தில் 9 லட்சத்து 45 ஆயிரம் சேர்ந்துவிடும். அசலோடு சேர்த்து 39 லட்சத்து 45 ஆயிரத்தைப் பத்து வருடத்தில் அடைக்கவேண்டுமானால் மாதத் தவணை சுமார் 53,000 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினாலும் 43,000க்குக் குறையாது. டாலரில் சம்பாதித்தால் இது இலகு. வேலை கிடைக்காமல் திரும்பி வந்து சென்னையிலோ பெங்களூரிலோ மாதம் 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தால், சம்பளம் முழுவதும் கொடுத்தாலும் தவணை நிரம்பாது. அப்பொழுது வங்கி பார்ப்பது அடமானம் வைத்த வீட்டை. அநேகக் குடும்பங்களில் அது ஒரு தலைமுறையின் உழைப்பில் கட்டிய ஒரே வீடு.

ஆகவே கடன் எழுதும் முன்பு கேட்கவேண்டிய கேள்வி இது: அங்கே வேலை கிடைக்காவிட்டாலும் இந்தியச் சம்பளத்தில் இதை அடைக்க முடியுமா? முடியாதென்றால் தொகையைக் குறைக்கவேண்டும், அல்லது நாட்டை மாற்றவேண்டும், அல்லது இரண்டு வருடம் இங்கே வேலை செய்து சேமித்துவிட்டுப் போகவேண்டும். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படித்தவர்கள் படிப்பு சார்ந்த வேலையில் 12 மாதம் பயிற்சி பெறலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டமெனில் 2016 முதல் இன்னும் 24 மாத நீட்டிப்பு உண்டு. ஆனால் அதற்கப்பாலுள்ள பாதை அரசியலைப் பொறுத்தது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அன்றிரவு தூக்கம் போயிற்று! நாம் வாக்களிக்க முடியாத நாட்டின் சட்டத்தின்மேல் நம் வீட்டுப் பத்திரத்தை வைக்கிறோம் என்பதை அறிந்து வைக்கவேண்டும்.

குறைந்த செலவுக்கு ஜெர்மனியைப் பலர் நாடுகிறார்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கட்டணம் விதிக்கத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ்ச் சரிபார்ப்பை முடித்திருக்கவேண்டும். ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே கட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. ஆங்கிலத்தில் நடத்தும் படிப்பில் சேர்ந்தாலும் ஜெர்மன் பேசாதவனுக்கு வேலை கிடைப்பது அரிது என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உதவித்தொகை விஷயத்தில் நம் சபைக் குடும்பங்களுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கான மத்திய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, 1950ஆம் வருட ஆணையின்படி கிறிஸ்தவர்களானவர்களுக்கு எட்டாது. ஆந்திரத்தில் அவர்கள் பி.சி.-சி பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஞாயிறன்று ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் வேதனையை நாம் அறிவோம். அதை நியாயந்தீர்க்க நான் துணியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மதம் கேட்காத வழிகளும் உண்டு: ஃபுல்பிரைட்-நேரு, பிரிட்டனின் செவ்னிங், ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், ஜப்பானின் மெக்ஸ்ட். செவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் தேவை. இவற்றுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே ஆயத்தப்படவேண்டும். மே மாதத்தில் கன்சல்டன்சி அலுவலகத்தின் படியேறுகிறவர்களுக்கு இவை கிடைப்பதில்லை.

பலகையில் எழுதிய நாமம்

கன்சல்டன்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு. எனினும் பலர் கல்லூரியிடமிருந்தும் தரகு பெறுகிறார்கள் என்பதை நினைவிற்கொண்டே அவர்கள் ஆலோசனையைக் கேட்கவேண்டும்.

2011 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிளசன்டன் என்னும் ஊரிலிருந்த ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை அதிகாரிகள் சோதனையிட்டு மூடினார்கள். அங்கே பதிவு செய்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் ஆந்திரப் பிள்ளைகளே அதிகம். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குடியிருப்பின் முகவரியில் வசிப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. மாணவர்கள் சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவியைப் பூட்டினார்கள். அந்தப் படத்தைக் கண்டு நம் நாடே பதறியது. நடத்தியவருக்கு 2014இல் பதினாறு வருடத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

நம் வாசகர்கள் அறியவேண்டிய காரியம் இனிமேல்தான். அந்த நிறுவனம் தன்னைக் கிறிஸ்தவக் கல்வி நிறுவனம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. தேவ மகிமைக்காகக் கிறிஸ்தவ விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் உருவாக்குவதே நோக்கம் என்று விளம்பரம் செய்தது. விசுவாசிகள் வீட்டுப் பெற்றோருக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பலகையில் கிறிஸ்துவின் நாமம் எழுதியிருப்பது விசாரணைக்கு மாற்று ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் இரட்டிப்பாய் விசாரிக்கவேண்டும்.

2019 ஜனவரியில் மிச்சிகனில் வெளிவந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகச் சம்பவம் வேறு வகை. அது அமெரிக்க அதிகாரிகளே வலைவிரிக்க நடத்திய போலி நிறுவனம். ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர். அதிகாரிகள் செய்தது நியாயமா என்ற கேள்வி அந்நாட்டிலேயே எழுந்தது. ஆயினும் வகுப்பே நடக்காத கல்லூரியில் பணம் கட்டி விசாவைக் காத்துக்கொள்ளலாம் என்று சொன்ன தரகர்கள் நம்மவர்களாகவும் இருந்தார்கள். அரசாங்கப் பட்டியலில் பெயர் இருந்தாலே போதும் என்று இனிச் சொல்ல முடியாது. இவ்விரண்டும் பட்டியலில் இருந்தவைதான். அங்கீகாரம் தந்த அமைப்பு எது, வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு, ஆசிரியர் யார், சென்ற வருடம் படித்து முடித்த மாணவர் ஒருவரிடம் நேரில் பேச முடியுமா என்று கேட்கவேண்டும். ஒரே ஒரு பழைய மாணவரோடு பேசும் அரைமணி நேரம், கன்சல்டன்சியின் வண்ணப் புத்தகத்தைவிட அதிகம் சொல்லும்.

மருத்துவம் படிக்க அனுப்புகிறவர்களுக்குச் சுருக்கமாக: 2018 முதல் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கும் நீட் தகுதி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் நடந்திருக்கவேண்டும். அதே நாட்டில் ஒரு வருடப் பயிற்சியும் முடித்திருக்கவேண்டும். 2022இல் உக்ரைனிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் பட்ட பாட்டை மறக்காமல் நாட்டைத் தெரிந்தெடுங்கள்.

போய்ச் சேர்ந்த பின்பு

வாலிபப் பிள்ளைகளே, இனி உங்களோடு பேசுகிறேன்.

நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டை அண்ணன்மாரிடமிருந்து வாங்கி அப்படியே எழுதுவது பாவமாகவே எண்ணப்படுவதில்லை. அங்கே பிறருடைய வாக்கியத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தெழுதுவது திருட்டு; கல்லூரியைவிட்டே நீக்குவார்கள், விசாவும் போகும். ஆசிரியரை அறைக்குச் சென்று சந்திக்க வாரத்தில் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நம் பிள்ளைகள் மரியாதை என்று எண்ணி அந்தப் பக்கமே போவதில்லை. போங்கள். முதல் மாதத்திலேயே போங்கள். புரியவில்லை என்று சொல்வது அங்கே அவமானமல்ல. ஆராய்ச்சி உதவியாளர் வேலையும் பரிந்துரைக் கடிதமும் உங்களைப் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியரிடமிருந்துதான் வரும்.

பகுதிநேர வேலையின் வரம்பை மீறாதீர்கள். அமெரிக்காவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு 20. கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே 24. விதிகள் மாறுகின்றன, அந்தந்த அரசாங்க இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அறைத்தோழன் சொன்னதை நம்பாதீர்கள். பெட்ரோல் பங்கிலும் உணவகத்திலும் கையில் ரொக்கமாக வாங்கி இரவெல்லாம் நின்று உழைத்து, பகலில் வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் கடனுக்குப் பயந்து அப்படிச் செய்கிறார்கள் என்பதை அறிந்தே சொல்கிறேன். பிடிபட்டால் கடனும் மிஞ்சும், பட்டமும் போகும்.

அறையில் நால்வரும் சித்தூர், நால்வரும் ஒரே பாஷை என்று அமைந்தால் வாடகை குறையும், ரசம் கிடைக்கும். அதில் தவறில்லை. ஆனால் இரண்டு வருடமும் அந்த அறையின் ரசத்தோடு முடிந்தால், சித்தூரிலேயே விலையுயர்ந்த ஓர் அறையில் தங்கியதற்குச் சமம். தமிழ்ச் சபையும் தெலுங்கு ஐக்கியமும் அங்கே பெரிய ஆசீர்வாதம். அதோடு அந்த ஊர்க்காரர்கள் கூடும் ஒரு சபைக்கும் மாதம் இருமுறையாவது செல்லுங்கள். ஆராதனை முறை வேறுபடும். கை தட்டமாட்டார்கள், அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அதனால் ஆவியில்லை என்று முதல் ஞாயிறே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

வின்னிபெக் நகரில் திறந்த கதவு

சகோதரர் பக்த்சிங் அவர்களின் சரித்திரம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பஞ்சாபில் 1903இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1926இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு இயந்திரப் பொறியியல் படிக்கச் சென்றார். புறப்படும்போது மதம் மாறமாட்டேன் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். லண்டன் வாழ்வில் முடியை வெட்டினார். புகையும் மதுவும் பழகின. வெளிநாட்டுக்குப் போன பிள்ளை கெட்டுப்போவான் என்று பெற்றோர் பயப்படும் எல்லாமே நடந்தது. 1928இல் கனடாவுக்குச் செல்லும் கப்பலில் நடந்த ஓர் ஆராதனையில் வேடிக்கை பார்க்க அமர்ந்தவரின் உள்ளத்தில் ஏதோ அசைந்தது. அடுத்த வருடம் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொறியியல் படிக்கும்போது, வின்னிபெக் நகரில் நண்பர் ஒருவரிடம் புதிய ஏற்பாட்டைக் கேட்டு வாங்கி வாசித்தார். அங்கே ஒரு கிறிஸ்தவத் தம்பதியர் இந்த அந்நிய மாணவனைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். 1932இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார். 1933இல் பம்பாயில் வந்து இறங்கியபோது, விசுவாசத்தை மறைத்து வைத்தால் வீட்டுக்கு வரலாம் என்றார்கள் பெற்றோர். அவர் மறைக்க மறுத்து, அந்நகரில் தனித்து நின்றார். பின்னாளில் சென்னையிலும் ஐதராபாத்திலும் அவர் மூலம் எழும்பிய சபைகளை நாம் அறிவோம்; 2000 செப்டம்பரில் ஐதராபாத்தில் அவர் தேவனிடம் சேர்ந்தபோது திரண்ட ஜனங்களையும் அநேகர் கண்டிருக்கிறோம்.

அந்தப் பொறியியல் பட்டத்தைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. கனடாவில் திறந்த அந்த ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறோம். அந்நிய தேசத்தில் மாணவனுக்குக் கிடைக்கும் பெரிய காரியங்கள் வகுப்பறைக்கு வெளியேயும் காத்திருக்கின்றன. யாராவது சாப்பிட அழைத்தால் கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமைத் தொலைபேசி

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். சனிக்கிழமை இரவு வீடியோ அழைப்பில் பிள்ளையிடம் நாம் கேட்பது என்ன? சாப்பிட்டாயா, சபைக்குப் போனாயா, வேலை கிடைத்ததா. மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிடுகிறோம். ஞாயிறன்று சாட்சி நேரத்தில் எழுந்து, அமெரிக்காவில் பிள்ளையைக் கர்த்தர் உயர்த்தியதைச் சொல்கிறோம். சபையார் ஆமென் என்கிறார்கள். இந்தச் சாட்சியின் காணொளி பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. ஒரு பாடத்தில் தோற்றுப்போய், டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டும் ஊரில், வெப்பக்கருவியின் ஓசையைக் கேட்டுக்கொண்டு தனியே படுத்திருக்கிற பிள்ளை அதைப் பார்த்தபின் வீட்டுக்கு உண்மையைச் சொல்வானா? சொன்னால் தகப்பனாருடைய சாட்சி பொய்யாகிவிடுமே!

மனச்சோர்வைப் பிசாசின் போராட்டம் என்று மட்டும் சொல்லி ஜெபித்துவிட்டுப் போவதும் போதாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு மனநல ஆலோசகர் உண்டு. கட்டணம் இல்லாமலோ காப்பீட்டின் மூலமாகவோ பார்க்கலாம். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான். ஆகவே பிள்ளை, “அப்பா, முடியவில்லை, திரும்பி வரட்டுமா?” என்று கேட்டால், வரலாம் என்ற பதில் நம் வாயில் ஆயத்தமாயிருக்கட்டும். வீட்டை அடமானம் வைத்த தகப்பனார் அந்த வார்த்தையைச் சொல்வது எளிதல்ல. அதனால்தான் கடனைத் தாங்கும் அளவுக்குள் வைத்திருக்கவேண்டுமென்று மேலே இவ்வளவு எழுதினேன்.

இன்னொன்று. வெளிநாட்டுப் படிப்பு முடித்த மகனுக்கு விலை கூடிவிட்டது என்று வரதட்சணையை உயர்த்தும் வழக்கம் இப்பகுதியில் விசுவாசிகள் வீடுகளிலும் நுழைந்திருக்கிறது. 1961 முதல் அது சட்டப்படி குற்றம். மகனுக்கு வாங்கிய கடனைச் சம்பந்தி வீட்டாரிடம் வசூலிப்பதற்கு வேறு பெயர் கிடையாது. அதே வீடுகளில் மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினால், திருமணத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வருகிறது.

கடைசியாகத் திருப்பதிச் சபைகளுக்கு. 2015 முதல் நம் ஊரில் ஐ.ஐ.டி.யும் ஐசர் நிறுவனமும் நடக்கின்றன. இரண்டும் ஏர்ப்பேடு பக்கத்தில் உள்ளன. பீகார், ஒடிசா, கேரளம், ராஜஸ்தான் என்று பல மாநிலப் பிள்ளைகள் அங்கே தெலுங்கும் தெரியாமல் தமிழும் தெரியாமல் விடுதிகளில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் டெக்சாஸில் எப்படியோ அப்படியே அவர்கள் இங்கே. சிலர் ஞாயிறு காலையில் நம் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்து, பாஷை புரியாமல், பிரசங்கம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வாசலில் நின்று பெயர் கேளுங்கள். மதியம் வீட்டில் சாதமும் குழம்பும் இருக்கிறது என்று சொன்னால் வருவார்கள்.